டூ வீல் வண்டிக்கு ஃபோர் வீல் கியர்பாக்ஸ்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரின் கடைவீட்டு வரிசைகளில், டிராஸ் ஸ்திரீட், கிரேக் ரோடு பக்கம் காலையில் போனால் பிக்கப் வண்டிகளுக்குக் குறைவிருக்காது. ஏர்கான் வேலை செய்பவர், மின்வேலைக்காரர், புதுப்பிப்பு வேலை எடுக்கும் குத்தகைக்காரர் என்று பலருடைய பிழைப்பு ஒரு ஹைலக்ஸையோ டி-மேக்ஸையோ டிரைட்டனையோ நம்பி ஓடுகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டால் வண்டியோடு வேலையும் நின்றுவிடும். புது வண்டி எடுக்கலாமென்றால், சரக்கு வாகனங்களுக்கான சி பிரிவு வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) மட்டுமே 2024ல் 60,000 வெள்ளிக்கு மேல் இருந்தது. அதனால் 10 ஆண்டு முடிந்ததும் சிஓஇயைப் புதுப்பித்து, சரக்கு வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட 20 ஆண்டு வரை பழைய வண்டியையே தேற்றி ஓட்டப் பார்க்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

சிக்கல் மாற்றுக் கியர்பாக்ஸ் தேடும்போது வருகிறது. கடற்பாலம் தாண்டினால் ஜோகூரில், வெட்டிப் பிரித்த பழைய வண்டிகளின் உறுப்புகளை விற்கும் ஹாஃப் கட் கடைகள் இருக்கின்றன. மலேசியாவில் ஓடும் பிக்கப்களில் பெரும்பாலானவை ஃபோர் வீல் டிரைவ் என்பதால், அங்கே அடுக்கியிருக்கும் கியர்பாக்ஸ்களும் பெரும்பாலும் அதே வகைதான். உங்கள் வண்டியோ டூ வீல் டிரைவ், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் வகை. "எஞ்சின் ஒண்ணுதானே, அப்படியே பூட்டிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். எஞ்சின் பக்கம் பூட்டிவிடலாம் என்பது பல சமயம் உண்மை. தகராறு முழுவதும் கியர்பாக்ஸின் பின்முனையில் இருக்கிறது. இந்தக் குறிப்புகளை எழுதக் காரணமே அந்தப் பின்முனையை யாரும் திரும்பிப் பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டு வருவதுதான்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் வண்டியின் தகட்டைப் படியுங்கள். டொயோட்டா வண்டிகளில் மாடல் எண், கியர்பாக்ஸ் குறியீடு, ஆக்சில் குறியீடு மூன்றும் ஒரே தகட்டில் அச்சாகியிருக்கும். 3.0 லிட்டர் டீசல் எஞ்சின் கொண்ட ஹைலக்ஸ் விகோவில் கேயுஎன்16 என்றால் டூ வீல், கேயுஎன்26 என்றால் ஃபோர் வீல். அடுத்து வந்த ரெவோவில் ஜியுஎன்136 உயரமான டூ வீல் வண்டி, ஜியுஎன்126 ஃபோர் வீல். வித்தியாசம் ஒரே ஓர் இலக்கம். கியர்பாக்ஸ் குறியீட்டிலும் இதே கதை: ஏ750இ டூ வீலுக்கு, ஏ750எஃப் ஃபோர் வீலுக்கு, ஏசி60இ, ஏசி60எஃப் ஆகியவையும் அப்படியே. மேனுவலில் ஆர்151எஃப் என்று கடைசியில் எஃப் ஒட்டியிருந்தால் அது ஃபோர் வீல் கியர்பாக்ஸ். மிட்சுபிஷி இந்த அடையாளத்தை முதல் எழுத்தில் வைத்தது: ஆர்5எம்21 டூ வீல், வி5எம்21 ஃபோர் வீல். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் இந்தக் குறியீடு தெரியும்படி இன்னொரு படம் கேளுங்கள். எண் தெரியாத பெட்டிக்கு முன்பணம் வேண்டாம்.

அடுத்து, பின்முனையை உங்கள் கண்ணால் பாருங்கள். இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பார்வையில் விளங்கிவிடும். டூ வீல் கியர்பாக்ஸின் பின்னால் ஒடுங்கி நீளும் ஓர் அலுமினிய உறை இருக்கும். டெயில் ஹவுசிங் என்று சொல்வது அதைத்தான். அதற்குள் அவுட்புட் ஷாஃப்ட் நீளமாக ஓடிவந்து, பல் வெட்டிய முனையோடு நிற்கும். புரொப்பல்லர் ஷாஃப்டின் யோக் அந்தப் பல்லில் ஏறிக்கொண்டு, பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் வழுக்கிக் கொடுக்கும். உறையின் வாயில் ஒரு புஷ், ஓர் ஆயில் சீல். ஃபோர் வீல் கியர்பாக்ஸில் இவை எதுவும் கிடையாது. அது வெட்டினாற்போல் முடிந்துவிடும்: தட்டையான முகம், சுற்றிலும் போல்ட் துளைகள், நடுவே குட்டையாக ஒரு ஷாஃப்ட். விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வந்து உட்கார வேண்டிய முகம் அது. டிரான்ஸ்ஃபர் கேஸ் இல்லாவிட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் சேர இடமும் இல்லை, எண்ணெயைத் தடுக்க அடைப்பும் இல்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய டூ வீல் பெட்டியின் அவுட்புட் ஷாஃப்டையும் டெயில் ஹவுசிங்கையும் எடுத்து, வந்த பெட்டியில் போடுவது. சொல்வதற்கு எளிது. ஆனால் மேனுவல் கியர்பாக்ஸில் அந்த ஷாஃப்ட் என்பது கியர்கள் எல்லாம் கோத்திருக்கும் மெயின்ஷாஃப்டேதான். ஆட்டோவில் அது உள்ளே டிரம், கிளட்ச் தகடுகளுக்குப் பின்னால் போய் முடியும். இரண்டிலுமே பெட்டியை முழுவதும் பிரிக்காமல் ஷாஃப்ட் வெளியே வராது. டெயில் ஹவுசிங்கைக் கழற்றி மாட்டினால் போதும் என்று நம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டு பெட்டிகளையும் பிரிப்பது உறுதியென்றால், இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள் என்பேன். உங்கள் பழைய கியர்பாக்ஸின் உறையும் பின்முனையும் உங்கள் வண்டிக்கென்றே அமைந்தவை. ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஃபோர் வீல் பெட்டியின் உள்ளே கியர், சிங்க்ரோனைசர், பேரிங், கிளட்ச் தகடு எனப் பல உறுப்புகள் பொதுவானவையாக இருக்கும். பாக எண்ணை ஒப்பிட்டு, வந்த பெட்டியிலிருந்து நல்ல உறுப்புகளை எடுத்து, உங்கள் பெட்டியையே புதுப்பித்துக்கொள்ளலாம். கூலி ஏறத்தாழ அதேதான் ஆகும். நீளம், சென்சார், தாங்கி எதுவும் மாறாது. இந்த மாற்று வேலையில் மற்ற எதைவிடவும் இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது வழி, டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்தே வாங்கி ஏற்றி, முன்பக்க வெளியீட்டைச் சும்மா விட்டு ஓட்டுவது. தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீலுக்கு மாறும் பார்ட் டைம் வகையில் இது ஓடும். ஆனால் எடை கூடும், புரொப்பல்லர் ஷாஃப்டை அளவெடுத்துக் குறுக்கிச் சமன்செய்ய வேண்டும், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை இடம்மாற்ற வேண்டியிருக்கும். சென்டர் டிஃபரென்ஷியல் உள்ள ஃபுல் டைம் வகையில் கதையே வேறு. முன்பக்கம் தடையின்றிச் சுற்றுவதால் விசை முழுவதும் அந்த வழியே வீணாகி, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டிஃபரென்ஷியலைப் பூட்டினால்தான் நகரும்.

மூன்றாவது விஷயம் நிலப் போக்குவரத்து ஆணையம். எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், எது அறவே கூடாது என்று ஆணையம் பிரித்து வைத்திருக்கிறது. பழுதான பெட்டிக்குப் பதிலாக அதே வகைப் பெட்டியைப் போடுவது பழுதுபார்ப்பு. வகையை மாற்றுவது வண்டியின் அமைப்பை மாற்றுவது. போல்ட்டில் ஸ்பானர் வைப்பதற்கு முன் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பட்டறையில் "எல்லாரும் செய்யறாங்க" என்று சொல்வது ஆய்வு நிலையத்தில் செல்லாது. 10 ஆண்டு தாண்டிய சரக்கு வாகனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய் நின்றாக வேண்டும்.

வாங்கும் முன் செய்யக்கூடாதவை

கியர்பாக்ஸை மாற்றினால் டூ வீல் வண்டி ஃபோர் வீலாகிவிடும் என்று நினைக்காதீர்கள். முன் டிஃபரென்ஷியல், முன் ஆக்சில் ஷாஃப்டுகள், அவற்றுக்கேற்ற நக்கிள், ஹப், முன் புரொப்பல்லர் ஷாஃப்ட், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டும். தாழ்வான டூ வீல் ஹைலக்ஸில் முன் சஸ்பென்ஷனே வேறு. தாய்லாந்தில் ப்ரீரன்னர் என்று விற்கும் உயரமான டூ வீல் ஹைலக்ஸும், ஹை-லேண்டர் என்று விற்கும் டி-மேக்ஸும் ஃபோர் வீலின் உயரத்தில் நிற்பதால், உள்ளேயும் எல்லாம் ஒன்றுதான் என்று பலர் ஏமாறுகிறார்கள். உயரம் ஒத்திருப்பது வேலையில் கொஞ்சம் உதவும், அவ்வளவே. சிங்கப்பூரில் சேறும் மணலுமான பாதையில் தினமும் போக வேண்டிய பிக்கப் எத்தனை? ஃபோர் வீல் தேவையென்றால் ஃபோர் வீலாகவே பிறந்த வண்டியை வாங்குவது மலிவு.

தமிழ்நாட்டு உறவினருக்காக விசாரிப்பவர்களுக்கும் இது பொருந்தும். சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் பூட்டப்படும் இசுசு வி-கிராஸ் ஃபோர் வீலிலும் கிடைத்தது, டூ வீல் ஆட்டோவிலும் கிடைத்தது. பெயர்ப்பலகை ஒன்றாக இருப்பதால் உறுப்புகளும் ஒன்று என்று கொள்ளக்கூடாது.

ஃபோர் வீல் வண்டிக்கு டூ வீல் பெட்டி கிடைத்தால் மலிவாக முடிக்கலாம் என்றும் இறங்காதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்கார முகமில்லாத பெட்டி அது. அதைப் பூட்டி ஓட்டினால் முன் ஆக்சில் வெறும் சுமையாகத் தொங்கும், டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், விற்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள்.

கழற்றி ஏற்றும்போது

இந்தப் பகுதியில் கருவியைவிட ஆளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்ந்த ஆட்டோ கியர்பாக்ஸ் 100 கிலோவைத் தாண்டும். அதை மல்லாந்து கிடந்து மார்பில் தாங்கி இறக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பல பட்டறைகளில் வண்டிக்கு அடியில் கிடப்பவர் தமிழ்நாட்டிலிருந்து கடன் வாங்கி வந்த இளைஞர். தஞ்சோங் பகாருக்கு இது புரியாத விஷயமல்ல. 1972 ஜூன் 23 அன்று நிஹோன் என்ற முதல் கொள்கலன் கப்பல் இங்கே வந்து சேர்வதற்கு முன், மூட்டைகள் தோளில் ஏறித்தான் கரை சேர்ந்தன. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இந்த வட்டாரத்தில் குடியேறிய குடும்பங்களில் துறைமுக வேலையில் முதுகைக் கொடுத்த தாத்தாக்கள் உண்டு. கியர்பாக்ஸ் ஜாக் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வண்டியைத் தூக்கி நிறுத்த லிஃப்டோ, சேஸிஸுக்கு அடியில் நான்கு உறுதியான ஸ்டாண்டோ இருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. கூலியில் பேரம் பேசுங்கள், இதில் பேசாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டை இறக்கும் முன், அது டிஃபரென்ஷியலோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். பழையபடியே சேர்த்தால்தான் சமநிலை கெடாது. நீள வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவில் சென்டர் பேரிங்கோடு இருக்கும். அதன் ரப்பர் வெடித்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஆட்டோ கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது டார்க் கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொரு படியாக, டக் டக்கென்று இரண்டு மூன்று முறை உள்ளே இறங்கும். கடைசிப் படி இறங்கிவிட்டதா என்பதை பெல் ஹவுசிங் விளிம்பில் நேர்கோல் வைத்து ஆழம் அளந்து உறுதிசெய்ய வேண்டும். எஞ்சினோடு முகம் சேர்ந்த பிறகும் கன்வெர்ட்டர் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் நிறுத்துங்கள். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி முகத்தை இழுத்துச் சேர்க்கவே கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெய் பம்ப் அந்த முறுக்கலிலேயே உடையும். ஜோகூரிலிருந்து வந்த நல்ல பெட்டி ஒரு கிலோமீட்டர் கூட ஓடாமல் போவதற்கு இது முக்கியமான காரணம், பழி மட்டும் பெட்டியை விற்றவர் தலையில் விழும்.

பழைய பெட்டி தேய்ந்து செத்ததா? அப்படியானால் அதன் இரும்புத்தூள் ஆயில் கூலரிலும் குழாய்களிலும் படிந்திருக்கும். குழாயைக் கழுவாமல், சந்தேகமிருந்தால் கூலரை மாற்றாமல், வந்த பெட்டியை இணைக்காதீர்கள்.

எண்ணெயில் "எதுவா இருந்தாலும் ஆட்டோ ஆயில்தானே" என்ற பேச்சை ஏற்காதீர்கள். ஏ750, ஏசி60 பெட்டிகளுக்கு டொயோட்டா டபிள்யூஎஸ் எண்ணெய். இவற்றில் அளவு பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சின் ஓடும்போது, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும், அடியில் உள்ள அளவுத்துளையைத் திறந்து வழிவதைப் பார்த்துத்தான் அளவை முடிவுசெய்ய வேண்டும். குளிர்ந்த பெட்டியில் பார்த்த அளவு பொய். டிரான்ஸ்ஃபர் கேஸும் வருகிறதென்றால் அதற்குத் தனி எண்ணெய், தனி அளவு.

வடித்த எண்ணெயை வடிகாலில் ஊற்றாதீர்கள். இந்தத் தீவின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு குடிநீர் நீர்த்தேக்கங்களுக்கான நீர்ப்பிடிப்புப் பகுதி. உரிமம் பெற்ற கழிவு எண்ணெய் சேகரிப்பாளரிடம் போக வேண்டிய பொருள் அது. பட்டறைக்காரர் எங்கே கொடுக்கிறார் என்று கேட்க வண்டிச் சொந்தக்காரருக்கு உரிமை இருக்கிறது.

ரோட்டில் இறக்கும் முன்

வேகமானியைச் சோதியுங்கள். டூ வீல் பெட்டியில் வேக சென்சார் பெரும்பாலும் டெயில் ஹவுசிங்கில் இருக்கும். ஃபோர் வீலில் அது பல வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் உட்கார்ந்திருக்கும். பின்முனை மாறினால் சென்சாரின் இடமும், சில சமயம் பிளக்கும் மாறும். சிக்னல் வராவிட்டால் முள் அசையாது. ஆட்டோவில் எப்போது கியர் மாற்றுவதென்று கம்ப்யூட்டருக்கும் தெரியாமல் போய், ஒரே கியரில் முக்கிக்கொண்டு ஓடும். பின்னால் 70 என்ற வேகப் பட்டை ஒட்டிய வண்டியில், விரைவுச்சாலையில், எத்தனை வேகத்தில் போகிறோம் என்று தெரியாமல் ஓட்டுவது அபராதத்தைக் கூவி அழைப்பது. ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபோர் வீல் வண்டியின் கம்ப்யூட்டர் லோ கியர் சுவிட்சின் செய்தியையும் எதிர்பார்க்கும். டூ வீல் கம்ப்யூட்டருக்கு அப்படியொரு கம்பியே கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸோடு ஏற்றிய டூ வீல் வண்டியில் லோ ரேஞ்ச் லீவரை யாரும் தொடாதபடி பூட்டி வைப்பதே நல்லது.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. ஆட்டோ கியர்பாக்ஸில் பி நிலை என்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு கொக்கி, அவுட்புட் பக்கப் பல்லில் விழுந்து பிடிப்பது. பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், பெட்டி பூட்டியிருந்தும் சக்கரம் உருளும். டூ வீல் வண்டியையே ஓட்டிப் பழகியவருக்கு இது தெரிந்திருக்காது. எவர்ட்டன் பார்க் பக்கத்துச் சரிவில் பி போட்டுவிட்டுச் சாமான் இறக்க இறங்கினால் வண்டி தன்பாட்டில் கிளம்பிவிடும். பெட்டி மாற்றியதும் லேசான சரிவில் ஆளில்லாத இடத்தில் பி நிலையைச் சோதியுங்கள். கைப்பிரேக்கைச் சரிசெய்யுங்கள். அந்த வண்டியை எடுக்கும் ஒவ்வொரு ஓட்டுநரிடமும் வாயால் சொல்லுங்கள், ஸ்டீயரிங் பக்கத்தில் தமிழில் எழுதியும் ஒட்டுங்கள்.

ஃபோர் வீல் வண்டியில் பின் ஆக்சிலையும் மாற்றியிருந்தால், முன் பின் டிஃபரென்ஷியல் விகிதம் ஒன்றாக இருக்கிறதா என்று தகட்டுக் குறியீட்டை வைத்துப் பாருங்கள். ஒன்று 3.909, இன்னொன்று 4.100 என்றிருந்தால், ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும் வரை விடாது.

முதல் ஓட்டத்திலேயே பாரம் ஏற்றாதீர்கள். வெறும் வண்டியாக மரினா கோஸ்டல் விரைவுச்சாலையில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். 50க்கு மேல் தரை அதிர்ந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டின் சமநிலையோ கோணமோ சரியில்லை என்று பொருள். "ஓட ஓட சரியாகிடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த அதிர்வு பின்முனை புஷ்ஷையும் சீலையும் தின்றுவிடும். திரும்பி வந்ததும் அட்டையொன்றை அடியில் விரித்து இரவு முழுவதும் நிறுத்துங்கள். காலையில் எண்ணெய்ச் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று அட்டையே காட்டும். சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு குறுக்குச் சட்டம், தாங்கி, புரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளை மறுபடியும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த கையோடு பழைய பெட்டியை இரும்புக்கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். வந்த பெட்டிக்குக் கடைக்காரர் கொடுத்த உத்தரவாதக் காலம் முடியும் வரையாவது அது பட்டறை மூலையில் இருக்கட்டும். அதன் டெயில் ஹவுசிங், அவுட்புட் ஷாஃப்ட், வேக சென்சார், யோக் நான்கையும் தனியே எடுத்து, எண்ணெய் தடவி, வண்டி எண்ணை எழுதிக் கட்டி வையுங்கள். அடுத்த முறை சந்தையில் ஃபோர் வீல் பெட்டிதான் கிடைத்தது என்றால், தேடியும் கிடைக்காத உறுப்புகள் இந்த நான்கும்தான்.